சத்தியதாஸின் நாற்காலியில் யார்?

சாலைக் கடைத்தெருவில் கயிறும் பெயின்டும் குழாயும் விற்கிற நேசையனுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் முதலில் கோபம் வரும், பிறகு பசி வரும், அதற்கும் பிறகுதான் அக்காவின் ஞாபகம் வரும். அன்று காலை மூன்றும் ஒன்றாக வந்துவிட்டன. காரணம், அவருடைய கடைக்குக் கணக்கு எழுதுகிற பிச்சையா. திருநெல்வேலிக்காரர். வரவையும் செலவையும் தவிர வேறு பேச்சே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

“மொதலாளி, எம் பிள்ளைய பொய்க்காரின்னு சொல்லிட்டாவ,” என்றார் பிச்சையா. “பட்டமும் கெடையாதாம். வாற வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆளக் கூட்டிட்டு வான்னா எங்கன போயித் தேடுவேன்?”

“எந்த ஆளு?”

“அதுதான் யாருன்னே தெரியலயே!”

நேசையன் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே குழப்பம். வேலைக்காரர்களிடம் கடையை விட்டுவிட்டு, அப்பனையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி நேரே தைக்காட்டுக்கு விட்டார். அங்கேதான் அவருடைய அக்கா லீலாபாய் இருக்கிறார். ஆடிட் ஆபீசில் ஆயுசைக் கழித்து ரிட்டயர் ஆனவர். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் அவர் சும்மா இருப்பார், மற்றவர்கள் சும்மா இருக்கிற இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். அக்கம்பக்கத்தில் காணாமல் போன நகை முதல் கலைந்து போன கல்யாணம் வரைக்கும் எந்தச் சிக்கலானாலும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். தம்பி கூடவே இருந்து எல்லாவற்றையும் தப்பாக ஊகிப்பார். இப்படியே வருஷக்கணக்காக நடக்கிறது.

லீலாபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே, “பைய சொல்லு பிள்ளே. அழுகையை அப்பா பாத்துக்கிடுவாரு, நீ விஷயத்தைச் சொல்லு,” என்றார்.

திவ்யலட்சுமி மெலிந்த பெண். பேசும்போது துப்பட்டா நுனியைத் திருகுவாள். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் ஒழுங்காகச் சொன்னாள்.

“அஞ்சு வருஷப் படிப்பு, ஆன்ட்டி. டிகிரியும் பி.ஜி.யும் சேர்ந்தது. முதல் மூணு வருஷம் நாகர்கோவில்ல படிச்சேன். அப்பா இங்க வந்ததும் நாலாம் வருஷத்துக்கு பூஜப்புரை இன்ஸ்டிட்யூட்டுக்கு மாறினேன். ஒவ்வொரு பேப்பருக்கும் இத்தனை கிரெடிட்னு உண்டு. எல்லாம் கூட்டி ஒரு அளவு வந்தாத்தான் பட்டம். பழைய காலேஜ்ல படிச்சதுல எதை ஏத்துக்கலாம், எதைத் திரும்பப் படிக்கணும்னு அட்வைசர்தான் சொல்லுவார். சேர்ந்த புதுசுல நான் அட்வைசர் ரூமுக்குப் போனேன். அங்க இருந்த சார், ‘நீ நாகர்கோவில்ல பண்ணின இன்ஸ்ட்ருமென்ட் லேப் டிகிரிக்கும் கணக்கு, பி.ஜி.க்கும் கணக்கு, திரும்பப் பண்ண வேண்டாம்’னார். நான் பண்ணல. இப்ப கடைசி செமஸ்டர்ல கூட்டிப் பார்த்துட்டு, அந்த லேப் பி.ஜி.க்குச் சேராது, கிரெடிட் குறையுதுங்கறாங்க. வெறும் டிகிரியோட வீட்டுக்குப் போன்னுட்டாங்க. பெங்களூர்ல எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு ஆன்ட்டி. பி.ஜி. இல்லேன்னா அது போயிடும்.”

“இதுல என்ன குழப்பம்?” என்று பாய்ந்தார் நேசையன். “சொன்ன சாரைப் பிடிச்சு சட்டையைப் பிடிக்க வேண்டியதுதானே?”

“அந்த ரூம் சத்தியதாஸ் சாரோடது, அங்கிள். நான் பார்த்த அந்த வாரமே அவர் ஜெர்மனிக்குப் போயிட்டார். ஒன்றரை வருஷம் கழிச்சு இப்பதான் திரும்பி வந்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.” திவ்யாவின் குரல் இறங்கியது. “அவர் இல்ல. அன்னைக்கு அந்த நாற்காலியில இருந்தது வேற ஆளு.”

கிழங்கு உரிக்கிற சத்தம் நின்றது.

“சத்தியதாஸ் சார் என்ன சொல்றாரு?” என்று கேட்டார் லீலாபாய்.

“அன்னைக்கு அவர் வரவே இல்லையாம். ஹர்த்தால் நாள். ஊரே கடையடைப்பு. அவர் வீடு நெடுமங்காட்டுல, பஸ் கிடையாது. அதை வச்சுத்தான் கோஆர்டினேட்டர் ரத்னாபாய் மேடம், ‘நீயே லேப்பை எடுக்க மறந்துட்டு, வராத மனுஷன் சொன்னார்னு கதை கட்டுறே’ங்கறாங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி. சொன்ன ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினா பார்க்கலாம்னாங்க.”

“ஹர்த்தால் அன்னைக்கு நீ ஏன் போனே?”

“அன்னைக்குத்தான் அட்வைசிங்னு போட்டிருந்தது. விட்டுட்டா சீட்டு போயிடுமோன்னு பயம். நானும் அப்பாவும் நடந்தே போனோம். அப்பா கேட்லயே நின்னுட்டார்.”

“அந்த ஆளு எப்படி இருந்தாரு?”

“கண்ணாடி, நெத்தியில விபூதி, வேட்டி. அம்பத்தஞ்சு, அறுபது வயசு இருக்கும். தமிழ்லதான் பேசினார். ‘வேர்த்துக் கொட்டறதே, ஃபேனைப் போடறேன், உக்காந்துக்கோ’ன்னு இருந்த இடத்துல இருந்தே அலமாரிக்குப் பின்னால கையை விட்டார், ஃபேன் சுத்திச்சு.”

“தன் பேரு சத்தியதாஸ்னு சொன்னாரா?”

திவ்யா யோசித்தாள். “இல்ல ஆன்ட்டி. நான் அட்வைசிங்குக்கு வந்தேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், ‘என்னென்ன படிச்சிருக்கே, சொல்லு’ன்னார்.”

நேசையன் தொடையில் தட்டினார். “எனக்குப் பிடிகிட்டிப் போச்சு! சத்தியதாஸ்தான் அது. ஜெர்மனியில மீசையை மழிச்சிருப்பாரு, கண்ணாடியைக் கழட்டியிருப்பாரு. ஆளே மாறிப் போயிருப்பாரு!”

“விபூதியையும் கழட்டி வச்சிருப்பாரோ?” என்றார் லீலாபாய். “அவரு சர்ச்சுக்குப் போற ஆளாக்கும் லே. பேரைப் பாரு. போய்க் கையைக் கழுவு, நாளைக்கு நேர்ல போய்ப் பாப்போம்.”

மறுநாள் திவ்யாவோடு அக்காவும் தம்பியும் பூஜப்புரைக்குப் போனார்கள். இன்ஸ்டிட்யூட்டின் பேர் வேண்டாம், சொன்னால் வம்பு. மேட்டின்மேல் பழைய கட்டடம், நீளமான வராந்தா. நுழைந்ததும் சுவரில் நடப்பு வருஷத்து ஆசிரியர்களின் குரூப் போட்டோ கண்ணாடி போட்டுத் தொங்கியது. நேசையன் திவ்யாவை அதன் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள்.

“அப்ப அந்த ஆளு இங்க வேலை பாக்கறவனே இல்ல!” என்றார் நேசையன். “வெளியாளு! உள்ள நுழைஞ்சு, நாற்காலியில இருந்து, பிள்ளைக்குப் புத்தி சொல்லிட்டுப் போயிருக்கான். எதுக்கு? எவனாவது சும்மா வந்து லேப் எடுக்காதேன்னு சொல்லிட்டுப் போவானா? எனக்கு ஒண்ணும் மனசிலாவல அக்கா.”

“எனக்கும்தான். வா.”

ரத்னாபாய் மேடம் விறைப்பாகத்தான் வரவேற்றார். அறையைப் பார்க்க அனுமதி கேட்டபோது, “பாருங்க. ஆனா ஒரு ஸ்டூடண்டோட பொய்க்காக என் ஸ்டாஃபைச் சந்தேகப்படாதீங்க,” என்றார். சாவிக்கொத்தோடு ஜிபின் என்கிற ஆபீஸ் உதவியாளர் கூட வந்தான். கல்யாணமாகி, கட்டடத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். பொறுமைசாலி போல் தெரிந்தாலும், சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தான். நேசையன் அதைக் கவனித்து, அக்காவின் இடுப்பில் விரலால் குத்தினார்.

அவர்களோடு அறைக்குள் நுழைந்த சத்தியதாஸ் கொழுகொழுவென்று, சிரித்த முகக்காரர். அறையில் காற்றே இல்லை. நேசையனுக்கு வேர்த்து ஊற்றியது. ஃபேன் சுவிட்சைத் தேடி ஒன்றை அமுக்கினார், விளக்கு எரிந்தது. இன்னொன்றை அமுக்கினார், வராந்தாவில் மணி அடித்தது. சத்தியதாஸ் சிரித்துவிட்டார்.

“அலமாரிக்குப் பின்னால இருக்கு சாரே. தெரியாதவங்களுக்குக் கிட்டாது. எனக்கு இந்த ரூம் கிடைச்ச புதுசுல நானே ஒரு வாரம் வேர்வையில குளிச்சேன். சுவிட்ச் கிட்டி, ஒழுங்கா உட்கார்ந்து, நாலஞ்சு மாசத்துல ஜெர்மனிக்குப் போயிட்டேன்.”

லீலாபாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜையில் விரலை ஓட்டினார். தூசி இல்லை. சுவரில் சாலை அரிசிக்கடை ஒன்று கொடுத்த தமிழ் நாள்காட்டி தொங்கியது, தினமும் ஒரு தாளைக் கிழிக்கிற வகை. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டிருந்தது. இந்த வருஷத்துக் காலண்டர்தான். ஆனால் மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நின்றுபோயிருந்தது.

“இது உங்களோடதா சார்?”

“அல்ல. எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க அறியாது. ஆபீஸ்ல மாட்டியிருப்பாங்க.”

“நீங்க இல்லாதப்ப ரூமை யாரு துடைச்சு வச்சது?”

“ஜிபின்தான். நல்ல பையன்.”

“ஆமா சேச்சி,” என்றான் ஜிபின். உடனே, “இல்ல சேச்சி. எப்பவாவது,” என்றான். பார்வை தரையைவிட்டு எழும்பவில்லை.

லீலாபாய் அவனை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் தம்பியின் பக்கம் திரும்பினார். “ஏலே, மாசி மாசம் இந்த வியாழக்கிழமை நீ கடையில என்ன வித்தே?”

“என்ன விக்க? அன்னைக்கு எவன் கடை திறக்க விட்டான்? காலையிலேயே கொடியைப் பிடிச்சிட்டு வந்து ஷட்டரை இறக்கச் சொல்லிட்டானுவோ. பெயின்டு லோடு வழியிலேயே கெடந்துது. சவத்தெளவு, அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துக?”

“சும்மாதான்,” என்றார் லீலாபாய். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை நேசையன் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே வந்ததும் வெடித்தார். “அந்த ஜிபின் பய முழியே சரியில்ல! சாவி அவன் கையில. எவனையோ உள்ள விட்டிருக்கான். ரெண்டு தட்டு தட்டினா கக்கிருவான்.”

“தட்டினா அவன் வேலை போவும். பிள்ளை குட்டிக்காரன். வெப்ராளப்படாதே. அந்த ஆளு தானே வருவாரு.”

“எப்ப?”

“அடுத்த ஹர்த்தால் என்னைக்கு?”

நேசையன் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் இந்த ஊரில் மழைக்குக் காத்திருந்தாலும் ஹர்த்தாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் புண்ணியவான் எதற்காகக் கூப்பிட்டானோ, புதன்கிழமை சாயங்காலமே டீக்கடையெல்லாம் பேச்சு, நாளைக்கு ஹர்த்தால் என்று. பெயின்டு விற்கிறவன் வயிற்றெரிச்சலையும் மறந்து நேசையன் முதன்முதலாக ஒரு ஹர்த்தாலுக்குச் சந்தோஷப்பட்டார்.

வியாழக்கிழமை பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. திவ்யாவையும் பிச்சையாவையும் கூட்டிக்கொண்டு நால்வரும் ஜகதி வழியாக நடந்தார்கள். ரோட்டின் நடுவே பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பால் கடைக்காரர் பலகையை அரைவாசி திறந்து வைத்து வியாபாரம் பண்ணினார். நேசையனுக்கு முழங்கால் வலி. மேட்டில் ஏறும்போது, “இந்த ஆளு மட்டும் கிட்டட்டும், என் காலுக்கும் சேத்து வாங்கறேன்,” என்று முனகிக்கொண்டே வந்தார்.

இன்ஸ்டிட்யூட் கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாட்ச்மேன் இல்லை. வராந்தா முழுக்க அவர்களுடைய செருப்புச் சத்தம் மட்டும். சத்தியதாஸ் என்று பலகை மாட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஃபேன் சுற்றுகிற சத்தம் வந்தது. பிச்சையா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். திவ்யா கதவைத் தட்டினாள்.

“உள்ளே வரலாம்,” என்றது ஒரு குரல்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடியும் விபூதியுமாக ஒரு பெரியவர். எதிரே விரித்து வைத்த புத்தகம். திவ்யாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, நாகர்கோவில் பொண்ணுதானே? வா வா. படிப்பு முடியற நேரமாச்சே. எல்லாம் நன்னா நடக்கறதா?”

“இவரேதான் அந்த சார்,” என்றாள் திவ்யா லீலாபாயிடம். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

பிச்சையாவுக்கு வந்ததே கோபம்! “வே, நீரு யாருவே எம் பிள்ளை வாழ்க்கையில வெளையாட? ஒம்ம பேச்சைக் கேட்டு அவ பட்டமே போச்சு வே!” என்று மேஜையை ஓங்கி அறைந்தார். பெரியவர் எழுந்து நின்றார். விஷயத்தை லீலாபாய் சுருக்கமாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. அவர் பேர் சேஷன். கரமனை அக்ரகாரத்துக்காரர். அதற்குமேல் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்குக் கமிட்டிக்கு வருவீங்களா?” என்று மட்டும் கேட்டார் லீலாபாய். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வருகிறேன் என்றார்.

வருவாரா? அன்று முழுவதும் நேசையனுக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தார். வெள்ளிக்கிழமை காலை ரத்னாபாய் மேடத்தின் அறையில் சத்தியதாஸ், ஜிபின், திவ்யா, பிச்சையா எல்லோரும் கூடியிருந்தபோது, துவைத்த வேட்டியோடு சேஷன் உள்ளே நுழைந்தார். ரத்னாபாய் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். ஒரு காலத்தில் அவரும் சேஷனிடம் பாடம் கேட்டவர்தான்.

“சார்! நீங்களா?”

“லீலாபாய் சேச்சி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார் சத்தியதாஸ்.

லீலாபாய் நாற்காலியில் நிதானமாகச் சாய்ந்தார். “என் தம்பிதான் கண்டுபிடிச்சான். அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஃபேன் சுவிட்சை அவன் தேடினான், கிட்டல. நீங்களே ஒரு வாரம் தேடினீங்க. ஆனா அன்னைக்கு இருந்த ஆளு திரும்பிப் பாக்காம கையை விட்டுப் போட்டாரு. அப்ப அவரு அந்த ரூம்ல ரொம்ப நாள் குடியிருந்தவரு. உங்களுக்கு முன்னால யாரோ ஒருத்தர் அங்க இருந்திருக்கணும். இந்த வருஷத்துப் போட்டோவுல ஆளு இல்லன்னா, ரிட்டயர் ஆனவரு. பிள்ளைக்கு அவரு சொன்ன யோசனையும் அதையேதான் சொல்லிச்சு. கெடுக்கணும்னு நினைச்சவன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். இவரு சொன்னது ஒரு காலத்துல சரியா இருந்த விதி. இல்லையா மேடம்?”

ரத்னாபாய் தலையசைத்தார். “முந்தி லேப் கிரெடிட்டை ரெண்டு பட்டத்துக்கும் எண்ணலாம். இந்தப் பொண்ணு சேர்ந்த அந்த ஜூன்லதான் நிறுத்தினோம்.”

“சத்தியதாஸ் சாருக்கு ரூம் கிடைச்ச கணக்கைப் பாத்தா, சார் அதுக்கு முந்தின மார்ச்சுலயே வெளியே போயிட்டாரு. அவருக்கு எப்படித் தெரியும்? சரி, ஆளு யாருன்னு ஊகிச்சாச்சு. எப்ப வருவாருன்னு காலண்டர் சொல்லிச்சு. பூட்டின ரூம்ல இந்த வருஷக் காலண்டர் மாட்டியிருக்கு, மாசியில ஒரு நாள் வரைக்கும் கிழிச்சிருக்கு. அன்னைக்கு என்னன்னு தம்பிகிட்ட கேட்டேன். ஷட்டர் இறக்கின நாளுன்னான். இந்தப் பிள்ளை பாத்ததும் ஹர்த்தால் நாள். ரெண்டும் ஹர்த்தால்.”

நேசையன் வாயைப் பிளந்தார். எல்லாம் தன் கண்ணெதிரே நடந்தது, தன் வாயாலேயே சொன்னது. ஆனாலும் இப்போதுதான் கேட்கிற மாதிரி இருந்தது.

“ஏன் சார்?” என்றார் ரத்னாபாய் மெதுவாக.

சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்பத்தஞ்சு ஆச்சு, போன்னுட்டேள். நேக்கு உடம்புல ஒரு குறையும் இல்லே. கார்த்தால எழுந்தா எங்கே போறதுன்னு தெரியலை. வேலை நாள்ல வந்தா நீங்கள்ளாம் இருப்பேள், ‘என்ன சார் இந்தப் பக்கம்’ம்பேள். ஞாயித்துக்கிழமை வாட்ச்மேன் இருப்பான். ஹர்த்தால் அன்னிக்குத்தான் ஒரு ஈ காக்கா கிடையாது. கரமனையிலேர்ந்து நடந்து வந்துடலாம். ஊருக்கெல்லாம் அது லீவு. நேக்கு அது ஒண்ணுதான் ஆபீஸ் நாள். ஜிபினை ஒண்ணும் சொல்லிடாதேங்கோ. சாவியைக் கேட்டது நான். பழைய வாத்தியார் கேட்டா அவன் எப்படி மாட்டேன்பான்?” பிறகு திவ்யாவின் பக்கம் திரும்பினார். “இந்தக் குழந்தை வந்து அட்வைசிங்குன்னு சொன்னப்போ, நான் இல்லேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாய் வரலை. ரொம்ப நாளாச்சு, யாரும் என்கிட்டே ஒண்ணும் கேட்டு.”

ஜிபின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரத்னாபாய் எதிரே இருந்த ஃபைலை மூடினார். “சார், எனக்கு வருத்தம்தான். ஆனா அதிகாரம் இல்லாத ஒருத்தர் சொன்ன யோசனை யோசனையாகாது. இந்தப் பொண்ணு அதைச் சரிபார்த்திருக்கணும். கமிட்டி என்ன செய்ய முடியும்?”

பிச்சையாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆளைப் பிடித்தும் காரியம் ஆகவில்லையே என்று நேசையன் அக்காவைப் பார்த்தார்.

“யாருகிட்ட சரிபார்க்கணும் மேடம்?” என்றார் லீலாபாய்.

“அட்வைசர்கிட்ட.”

“சத்தியதாஸ் சார் ஜெர்மனியில. அந்த ஒன்றரை வருஷம் இந்தப் பிள்ளைக்கு அட்வைசர் யாரு? பேரு மட்டும் சொன்னாப் போதும்.”

ரத்னாபாய் சத்தியதாஸின் பக்கம் பார்த்தார். சத்தியதாஸ் சங்கடத்தோடு, “நான் போறப்ப யாரையாவது போடுங்கன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்,” என்றார்.

“நாற்காலியில யாரு இருந்தான்னு நாங்க அலைஞ்சோம்,” என்றார் லீலாபாய், குரலை உயர்த்தாமல். “அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு உண்டு. ஒரு ரிட்டயரான மனுஷன் வந்து இருக்கற மாதிரி அந்த நாற்காலி ஏன் காலியாக் கெடந்தது? வருஷா வருஷம் யாராவது இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன படிச்சே, என்ன பாக்கின்னு கேட்டிருந்தா, தப்பு அப்பவே தெரிஞ்சிருக்கும். கேக்க ஆளில்ல. அது வெளியே வந்தா உங்க பேரு அடிபடும். பிள்ளை பொய் சொல்லுதுன்னு ஆச்சுன்னா அது வெளியே வராது. நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.”

ரத்னாபாய் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். “தப்பில்லை,” என்றார். “ஆள் பற்றாக்குறை. அப்புறம் போடலாம்னு தள்ளிப் போட்டேன், மறந்தே போனேன். ஞாபகம் வந்தப்ப சொல்ல வெட்கமா இருந்தது.” நிமிர்ந்து திவ்யாவைப் பார்த்தார். “உன்னைப் பொய்க்காரின்னது என் குற்றம். நேர்ல செய்ய வச்சுப் பார்த்து கிரெடிட் கொடுக்கக் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. பழைய காலேஜ்ல நிஜமா கத்திருந்தா இப்பவே லேபுக்கு வா. செய்து காட்டு. தெரியலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

லேப் கதவு மூடியது. உள்ளே திவ்யா, ரத்னாபாய், சத்தியதாஸ். வெளியே பெஞ்சில் பிச்சையா ஒரு மூலையில், சேஷன் இன்னொரு மூலையில். நடுவே நேசையன், இருவருக்கும் வேலி மாதிரி. பிச்சையா வாய்க்குள்ளேயே நெல்லையப்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரம் போனதே தெரியவில்லை என்று சொல்லமாட்டேன், ஒவ்வொரு நிமிஷமும் நன்றாகவே தெரிந்தது.

சத்தியதாஸ்தான் முதலில் வெளியே வந்தார், சிரித்துக்கொண்டே. “மெஷின் தப்பாக் காட்டுதுன்னு அவதான் எங்களுக்குச் சொன்னா. சரிபண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சா. லேப் பாஸ்! மேடம் கையெழுத்துப் போடறாங்க.”

பிச்சையா கடவுளைக் கும்பிடுவதா, லீலாபாயைக் கும்பிடுவதா என்று தெரியாமல் சுவரைக் கும்பிட்டார். பிறகு சேஷனின் பக்கம் திரும்பி, “கடவுள் காப்பாத்தினாரு. ஒம்மால அவ நடுத்தெருவுல நின்னிருப்பா வே,” என்றார். சேஷன் தலை குனிந்தார்.

“அப்பா, போதும்,” என்றாள் வெளியே வந்த திவ்யா. துப்பட்டாவைத் திருகாமல், தந்தைக்கு முன்னால் அவள் நிமிர்ந்து பேசியதை நேசையன் அன்றுதான் பார்த்தார். “பெங்களூருக்கு எழுதிப் போடச் சொன்னதே இந்த சார்தான். அன்னைக்கு லேபைப் பத்திப் பேசினது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம், ‘உனக்குக் கேள்வி கேக்கத் தெரியறது, நீ ஆராய்ச்சிக்குப் போகணும், பயப்படாதே’ன்னு சொல்லிட்டே இருந்தார். எங்கே அப்ளை பண்ணணும், எப்படிப் பேசணும், எல்லாம் இவர் சொன்னது. எனக்கு அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லப்பா. அந்த சீட்டு போயிடுமேன்னுதானே இத்தனை நாள் அழுதேன்? அதைக் கொடுத்ததே இவர்தான்.”

பிச்சையா மகளைப் பார்த்தார், சேஷனைப் பார்த்தார். திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. கடைசியில் போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சேஷன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுகையை மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார்.

நேசையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து வராந்தா ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“அக்கா, எல்லாம் மனசிலாச்சு. ஒண்ணு மட்டும் மனசிலாவல. அந்த ஆளு பிள்ளைக்கு நல்லது பண்ணினாரா, கெட்டது பண்ணினாரா?”

லீலாபாய் பெஞ்சிலிருந்த இருவரையும் பக்கத்தில் நின்ற திவ்யாவையும் திரும்பிப் பார்த்தார்.

“அது எனக்கும் தெரியல லே,” என்றார்.